நீலக்கரைப் பீங்கான்

அப்பா செத்த முப்பத்திரண்டாம் நாள் காலையில்தான் எனக்குத் திரும்பவும் பசி எடுத்தது. அன்றிலிருந்து நித்திரையும் வருகிறது. அதற்கு முந்திய ஒரு மாதமும் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு கிடந்தேன். அப்பா என்னில் மனம் நொந்தபடி போனாரா, இல்லையா? பதில் சொல்ல வேண்டிய ஆள் மாலை போட்ட படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். வேறு ஒருவரிடமும் கேட்க எனக்குத் துணிவில்லை.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஜெர்மனியில் பாதி, லண்டனில் பாதி என்று படித்து, இரண்டிடத்திலும் ஒன்றும் மண்டையில் ஏறாமல் பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காலை ஷிப்ட். ஷெல்ஃப்களை நிரப்புகிற வேலை. தமிழ் எழுத்து அம்மா சொல்லித் தந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீடு நோர்பரியில். அப்பா பக்கத்தில் ஒரு கஃபேயில் சமையல்காரராக இருந்தார். ரோட்டு வேலை செய்கிறவர்கள், வான் ஓட்டுகிறவர்கள், பென்ஷன் எடுத்த கிழவர்கள் வந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுப் போகிற கடை. முட்டை, சோசேஜ், பேக்கன், காளான், தக்காளி, பீன்ஸ், எண்ணெயில் பொரித்த பாண் துண்டு, ஒரு பெரிய கப் தேத்தண்ணி. கிழமைக்கு ஆறு நாள் அப்பா அதைத்தான் சமைத்தார். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் வீட்டில் அதைத்தான் சமைத்தார்.

"ஆறு நாள் பொரிச்சது காணாதோ? வீட்டிலயும் பொரிக்க வேணுமோ?" என்று அம்மா கேட்பார்.

"அங்க பீன்ஸுக்கு வெங்காயம் போட விடுறாங்களில்லையப்பா" என்பார் அப்பா.

அதுதான் அவருடைய பெரிய குறை. கடையில் டின்னை உடைத்துச் சூடாக்கி அப்படியே ஊற்ற வேண்டும். வீட்டில் அவர் கடுகு வெடிக்கவிட்டு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்கி அதற்குள் பீன்ஸைக் கொட்டுவார். வெள்ளைக்காரரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று நான் முதலில் நம்பிக்கொண்டிருந்தேன். லண்டனுக்கு வந்த புதிதில் பள்ளிக்கூடக் கன்ரீனில் பீன்ஸ் பரிமாறிய மனிசியிடம், "தாளிக்க மறந்துபோனீர்களா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன். வரிசை முழுக்கச் சிரித்தது. வீட்டில் வந்து சொன்னபோது அப்பாவும் சிரித்தார். பிறகு, "நீ கேட்டது சரிதான் பிள்ளை. பிழை அவங்களில" என்றார்.

எங்கள் வீட்டு ஓவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஓவன் இல்லை, அலுமாரி. தாச்சி, தோசைக்கல், இட்டலித் தட்டு, மூடி தொலைந்த சட்டி, சட்டி தொலைந்த மூடி எல்லாம் அதற்குள்தான். எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். அம்மா அதை மூட்டியே நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அப்பா உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் இழுத்துக் குசினி நிலத்தில் பரப்பிவிட்டு, பீங்கான்களை உள்ளே வைத்துச் சூடாக்குவார். குளிர்ந்த பீங்கானில் சாப்பாடு போடுகிறவனை அவர் சமையல்காரன் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். எல்லாம் முடிந்து ஓவன் ஆறின பிறகு சட்டிகளைத் திரும்ப உள்ளே அடுக்குவார். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

போன வருஷம் டொக்டர் அப்பாவுக்குக் கொலஸ்ட்ரோல் என்றார். அன்றிலிருந்து அம்மா அவருடைய வாயைக் கட்டிவிட்டார். சோசேஜ் இல்லை, பேக்கன் இல்லை, முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமை சமைப்பதை விடவில்லை. எனக்கு முழுப் பீங்கானும் போட்டுத் தந்துவிட்டு, தான் இரண்டு துண்டு வாட்டின பாணோடு எதிரே இருந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார்.

"என்னப்பா பார்க்கிறியள்?"

"பார்த்தாலும் கொழுப்பு ஏறுமோ எண்டு டொக்டரிட்டக் கேட்டுச் சொல்லு. இல்லையெண்டால் விடு, பார்க்கிறன்."

என்னுடையது நீலக்கரை போட்ட பீங்கான். அப்பா பழைய சாமான் விற்கிற சரிட்டிக் கடை ஒன்றில் எடுத்தது. வீட்டில் அந்த மாதிரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மழை. நான் குடை கொண்டுபோகவில்லை. என் ஷிப்ட் முடிகிற நேரம் அப்பா தன் வேலை முடித்து, உடுப்புக்கூட மாற்றாமல், குடையோடு நேரே என் கடைக்கு வந்துவிட்டார். வேலைக்காரர் வெளியே போகிற கதவடியில் நின்றார். என்னோடு வேலை செய்கிற பெட்டை ஒருத்தி மூக்கைச் சுளித்து, "யாரோ இஞ்ச பேக்கன் பொரிக்கினம்" என்று இங்கிலிஷில் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் யார் என்று நான் சொல்லவில்லை. குடையை வாங்கிக்கொண்டு அவருக்கு இரண்டடி முன்னால் நடந்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. அம்மா விடியவே லூயிஷாம் கோயிலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஏதோ அபிஷேகம், மாலை கட்ட வேண்டும், பின்னேரம்தான் வருவார். நான் எழும்பும்போது வீடு முழுக்க அந்த மணம். முதல் நாள் சிரிப்பு இன்னும் என் காதில் இருந்தது. குசினி வாசலில் நின்றுகொண்டு சொன்னேன்:

"உங்கட கடை மணம் என்ர உடுப்பெல்லாம் ஏறியிருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் உதைச் சமையுங்கோ எண்டு ஆர் கேட்டது? எனக்கு வேண்டாம்."

அப்பா அகப்பையோடு திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. பீங்கானில் எல்லாம் போட்டு முடிந்திருந்தது. "சரி பிள்ளை" என்றார். "மூடி ஓவனுக்குள்ள வைச்சுவிடுறன். பசிச்சால் எடுத்துச் சாப்பிடு."

நான் அப்படியே குரொய்டனில் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அங்கேயே தங்கி, திங்கட்கிழமை காலை அங்கிருந்தே வேலைக்குப் போனேன். பதினொரு மணிபோல அம்மா அழைத்தார். அப்பா கடைக்குள் விழுந்துவிட்டார். மூளைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து, வியாழக்கிழமை போய்விட்டார்.

அந்த மூன்று நாளும் நான் அவருடைய காதுக்குக் கிட்டப் போய், "சொறி அப்பா, சொறி அப்பா" என்று மன்னிப்புக் கேட்டேன். நேர்ஸ், "கதையுங்கோ, சில வேளை கேக்கும்" என்றார். சில வேளை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலையை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. பின்பக்கம் போய், சாப்பாட்டுக் குப்பை போடுகிற சின்ன வாளியைத் திறந்து பார்த்தேன். அவர் எனக்குச் சமைத்ததை என்ன செய்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும். வாளி வெறுமையாக இருந்தது. கவுன்சில் லொறி அன்று காலையே வந்து எடுத்துப்போய்விட்டது. நீலக்கரைப் பீங்கானையும் காணவில்லை. சாப்பாட்டைக் கொட்டும்போது கோபத்தில் பீங்கானையும் சேர்த்து எறிந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பா கோபத்தில் ஒரு தேக்கரண்டியைக்கூட எறிந்து நான் பார்த்ததில்லை. என்றாலும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு செத்தவீட்டுத் துடக்கு. எங்கள் வீட்டு வழக்கப்படி முப்பத்தொரு நாளும் மச்சம் இல்லை. இறைச்சி, மீன், முட்டை ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது. தெரிந்த சனம் பெட்டி பெட்டியாக இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தது. அம்மா ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, பார்த்து, மூடி வைப்பார். நாளுக்கு ஒரு நேரம் சாப்பிட்டாலே பெரிய விஷயம். இரவில் என்ன யோசிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று பயம்.

எட்மண்டனிலிருந்து மாமி வந்து எங்களோடு தங்கினார். அப்பாவின் அக்கா. எதை எப்போது செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் அவருடைய பொறுப்பு. வாய் பெரிது. ஆனால் அந்த மாதம் வீட்டில் விளக்கு எரிந்தது, உடுப்புத் தோய்க்கப்பட்டது எல்லாம் அவரால்தான்.

முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. கிரியைகள் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு மூன்று பேரும் ஹோலில் இருந்தோம். மாமி தொடங்கினார்.

"துடக்குக் கழிஞ்சுது. நாளைக்கு மச்சம் காய்ச்சி, தம்பிக்கு ஒரு பங்கு வைச்சிட்டுத்தான் நாங்கள் வாயில வைக்கலாம். நண்டு எடுப்பம். நண்டெண்டால் அவன் உயிரை விடுவான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா கேட்காததுபோல் இருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். "அப்பாவுக்கு நான் இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட் செய்யப்போறன்."

"என்னது?"

"ஞாயிற்றுக்கிழமையில அவர் செய்யிறது."

"அதுக்குள்ள பண்டியெல்லோடி போடுறது?"

"ஓம்."

"செத்த மனிசனுக்குப் பண்டியோ வைக்கப்போறாய்? சனம் கேட்டால் என்ன சொல்லுறது?"

"சனத்துக்கு இல்லை மாமி. அப்பாவுக்கு."

மாமி அம்மாவைப் பார்த்தார், நீ ஒரு சொல்லுச் சொல்லு என்பதுபோல. அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு, "செய்யட்டும் மச்சாள்" என்றார். "நண்டு அவருக்கு யாழ்ப்பாணத்தில பிடிச்சது. இஞ்ச வந்த பிறகு உதுதான்."

"அப்ப நான் பட்டினி" என்றார் மாமி.

நான் ஏன் அதைச் செய்ய நினைத்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் வேண்டாம் என்று சொன்ன பீங்கானை அவருக்கு முன்னால் வைத்து, அதே சாப்பாட்டை நான் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அது அவருக்குப் போய்ச் சேருமா சேராதா தெரியாது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மூலைக்கடைக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி வந்தேன். நான் அப்பாவுக்குக் கிட்ட நின்று சமைத்ததே இல்லை. நித்திரைக் கண்ணோடு மேசையில் இருந்தபடி அவர் செய்வதைப் பார்த்தது மட்டும்தான். எது முதலில், எது கடைசி என்பது ஞாபகம் இருந்தது. சோசேஜ் முதல், சின்ன நெருப்பில். பிறகு பேக்கன். தக்காளி வெட்டின பக்கம் கீழே. காளான் தனியாக, இல்லாவிட்டால் தண்ணி விட்டு எல்லாவற்றையும் நனைத்துவிடும். பீன்ஸ் ஒரு பக்கம். பாண் பொரிப்பது பிறகு. முட்டை கடைசி. தலையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அடுப்பில்தான் இல்லை.

பேக்கன் புகைந்தது. ஸ்மோக் அலாம் கத்தத் தொடங்கியது. மாமி ஓடி வந்து ஒரு துவாயை எடுத்து அதற்குக் கீழே வீசு வீசு என்று வீசினார்.

"உன்ர அப்பன் சமைக்கேக்க உது கத்துறதோ?"

"இல்லை."

"அப்ப அதுக்கும் ஆள் தெரியுது."

அலாம் ஓய்ந்த பிறகும் மாமி போகவில்லை. மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு தாச்சியை எட்டிப் பார்த்தார்.

"உதென்ன கறுப்பா வட்டமா? கருகின வாழைக்காயோ?"

"இரத்தம் மாமி. பண்டி இரத்தத்தில செய்யிறது. பிளாக் புடிங்."

மாமி கத்துவார் என்று நினைத்தேன். சேலை மூக்கிலிருந்து இறங்கியது.

"எங்கட ஆட்டு இரத்த வறை மாதிரியோ?"

"அப்படித்தான் அப்பாவும் சொல்லுறவர்."

"தேங்காய்ப்பூ போடுறவங்களோ?"

"இல்லை."

"பார்த்தியே, பாதி வழிதான் வந்திருக்கிறாங்கள்." அகப்பையை என்னிடமிருந்து வாங்கி அந்த வட்டங்களைத் தானே பிரட்டிப் போட்டார். "நெருப்பைக் குறை. கருக்கிப்போடாதை."

கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழுந்தபோது அந்தப் பழைய மணம் வந்துவிட்டது. அம்மா வந்து குசினி வாசலில் நின்றார். நான் போன மாதம் நின்ற அதே இடத்தில். மணத்தை இழுத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டே உடைத்ததில் இரண்டு முட்டை பொத்துப்போயின. மூன்றாவது தப்பியது.

அப்போதுதான் பீங்கான் ஞாபகம் வந்தது. எல்லாம் முடிகிற நேரம், பீங்கான்கள் அலுமாரியில் குளிர்ந்துபோய் இருந்தன. குளிர்ந்த பீங்கானில் அப்பாவுக்கு எப்படி வைப்பது? ஓவன் கதவைத் திறந்து, நிலத்தில் இருந்து, உள்ளே இருந்ததை இழுக்கத் தொடங்கினேன். தாச்சி, தோசைக்கல், இட்டலித் தட்டு, மூடிகள். கடைசித் தட்டில், பெரிய சட்டி ஒன்றுக்குப் பின்னால், நீலக்கரை தெரிந்தது.

அது இன்னும் அங்கேயே இருக்கிறது, ஒரு மாதப் பழைய சாப்பாட்டோடு, நான் தொடாதபடியே இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு இழுத்தேன். பாரமே இல்லை.

பீங்கான் வெறுமையாக இருந்தது. வெறுமை என்றால் துடைத்த வெறுமை. பாணால் சுற்றி வழித்துத் துடைத்த அடையாளம் வட்டம் வட்டமாகக் காய்ந்திருந்தது. நடுவில் ஒரு முள்ளுக்கரண்டி. கரையில் இரண்டு தக்காளித் தோல், சுருட்டி வைத்தபடி, காய்ந்து கடதாசி மாதிரி. ஒரு கறிவேப்பிலை. பக்கத்தில் மூடியிருந்த அலுமினியத் தாள், நாலாக மடித்தபடி.

அப்பாவுக்குத் தக்காளித் தோல் தொண்டையில் ஒட்டும். எங்கே சாப்பிட்டாலும் உரித்துச் சுருட்டிக் கரையில் வைப்பார். அலுமினியத் தாளைத் திரும்பப் பாவிக்கலாம் என்று நாலாக மடிப்பது இந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

நான் நிலத்தில் இருந்தபடியே பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கிட்ட வந்தார்.

"உது உன்ர பீங்கானெல்லோ? உதுக்குள்ள ஏன் கிடக்குது?"

"அப்பா வைச்சது."

"எப்ப?"

அதற்குப் பிறகு என்னால் மறைக்க ஏலவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குடையும், சிரிப்பும், இரண்டடி முன்னால் நடந்ததும், ஆர் கேட்டது என்று கேட்டதும். "நான் அண்டைக்குச் சாப்பிடேல்லை அம்மா. வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போனனான்."

அம்மா புரியாமல் பார்த்தார். "சாப்பிட்டதெண்டெல்லோ அவர் சொன்னவர்?"

"ஆர்?"

"அப்பா. பின்னேரம் நான் கோயிலால வர, பிள்ளை எங்கையெண்டு கேட்டன். 'வடிவாச் சாப்பிட்டுட்டுச் சிநேகிதி வீட்ட போட்டாள்' எண்டவர். ஒரு மிச்சம் வைக்கேல்லையாம். பீங்கானையும் வழிச்சுத் துடைச்சவளாம்."

இரண்டு பேரும் பீங்கானைப் பார்த்தோம். வட்டம் வட்டமாக வழித்த அடையாளத்தைப் பார்த்தோம். மாமிதான் முதலில் விளங்கிக்கொண்டார்.

"அட கள்ளன்! மனிசி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து முழுங்கிப்போட்டு, பழியைப் பிள்ளையில போட்டிருக்கிறான்! சாட்சியை ஓவனுக்குள்ள ஒளிச்சும் வைச்சிருக்கிறான்!"

அம்மா வாயைக் கையால் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து, பிறகு அழுது, திரும்பச் சிரித்தார். அப்பா போன பிறகு அம்மா சிரித்த முதல் நாள் அது.

"அதுதான்" என்றார். "அதுதான் அண்டைக்கு இரவு சாப்பாடு வேண்டாமெண்டவர். வயிறு கொஞ்சம் மந்தமாம். கோயில் பிரசாதத்தைக் குடுத்தால் ஒரு பிடி எடுத்துப்போட்டு, ரீவிக்கு முன்னால இருந்து பாட்டு முணுமுணுத்தவர். என்ன இவ்வளவு புழுகம், சந்தோசம் எண்டு கேட்டன். ஒண்டுமில்லையெண்டவர்."

"என்னில கோபமா இருக்கேல்லையோ?"

"விசரி. கோபமா இருக்கிற மனிசன் பாட்டே பாடும்?"

எனக்குள் ஒரு மாதமாக இறுகியிருந்தது அந்த இடத்தில் தளர்ந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மூச்சு உள்ளே வரைக்கும் போய் வந்தது. ஆனால் உடனே இன்னொரு பயம் வந்தது. அதையும் கேட்டேன்.

"அந்தச் சாப்பாட்டாலதானோ அம்மா?"

"இல்லை." அம்மா கண்ணைத் துடைத்தார். "டொக்டர் கடதாசியில கீறிக் காட்டினவரெல்லே? அது பிறவியிலயே மெல்லிசா இருந்த குழாய். தின்னுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லையெண்டு நானே இரண்டு தரம் கேட்டனான்."

பிறகு குரலை இறக்கி, எனக்கா மாமிக்கா என்று தெரியாமல் சொன்னார்: "ஒரு வருஷமா அந்த மனிசன்ர வாயைக் கட்டிப்போட்டன். ஆசைப்பட்டதை ஒண்டும் தின்ன விடேல்லை. பேந்து பார்த்தால் வேற எதுவோ வந்து கொண்டுபோட்டுது. அதுதான் எனக்கு ஒவ்வொரு வாய் சோத்துக்கும் தொண்டைக்குள்ள நிண்டது. கடைசி ஞாயிறு ஒரு முழுப் பீங்கான் தின்னிருக்கிறார், சோசேஜ் எல்லாத்தோடையும். நல்ல காலம், நீ வேண்டாமெண்டு சொன்னனீ."

அம்மாவும் மனதுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அந்த மாதம் முழுக்கப் பெட்டிகளைத் திறந்து மூடியிருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை.

"கதை காணும், முட்டை ஆறுது" என்றார் மாமி. அவருடைய குரலும் சரியாக இல்லை.

அம்மா பீங்கானை என் கையிலிருந்து எடுத்தார். நான் விடவில்லை. அப்படியே கழுவாமல் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. "விடு பிள்ளை. கழுவினால்தானே அவருக்கு அதில போட ஏலும்" என்றார். விட்டேன். கழுவித் துடைத்து, மற்றப் பீங்கான்களோடு ஓவனுக்குள் வைத்தோம். ஐந்து நிமிஷம் மூன்று பேரும் அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்பாவின் பங்கை நான்தான் போட்டேன். பொத்துப்போகாத அந்த ஒரு முட்டை அவருக்கு. தக்காளியை அம்மா தோல் உரித்து வைத்தார். படத்துக்கு முன்னால் நீலக்கரைப் பீங்கானை வைத்து மாமி கற்பூரம் கொளுத்தப் போனபோது, அலாமை நினைத்து நாங்கள் இரண்டு பேரும் "வேண்டாம்!" என்று ஒன்றாகக் கத்தினோம். குத்துவிளக்கோடு விட்டார்.

"இஞ்சேருங்கோ" என்றார் அம்மா படத்தைப் பார்த்து. "இண்டைக்கு ஒளிச்சுச் சாப்பிடத் தேவையில்லை."

பிறகு நாங்கள் சாப்பிட இருந்தோம். சோசேஜ் ஒரு பக்கம் கருகி, பேக்கன் தோல் மாதிரி இருந்தது. பொத்துப்போன முட்டைகள் பாண் மேலே பரவிக் கிடந்தன. அப்பாவின் கடையில் அதைக் கொண்டுபோய் வைத்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நான் முழுவதையும் சாப்பிட்டேன். பீன்ஸை இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன். அம்மா பொரித்த பாணைப் பீன்ஸில் தொட்டுத் தொட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதைப் பாதியாகப் பிய்த்து, மிச்சத்தை வைக்க மனமில்லாமல் அதையும் எடுத்தார். பட்டினி என்று சொன்ன மாமி சோசேஜைத் தொடவில்லை, ஆனால் பிளாக் புடிங்கை ஒரு துண்டு வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"மிளகு காணாது" என்றார். மற்றத் துண்டையும் எடுத்தார்.

கடைசியில் ஒரு பாண் துண்டால் பீங்கானைச் சுற்றி வழித்துத் துடைத்தேன். எனக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் தொடங்கியது.

சட்டிகளைத் திரும்ப ஓவனுக்குள் அடுக்கியதும் நான்தான். அப்பா செய்த சத்தத்தில் பாதி வந்திருக்கும்.

அடுத்த நாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். முதல் நாள் முழுக்கக் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கிய வேலை உடுப்பைத்தான் மறந்துபோய்ப் போட்டிருந்தேன். ஷெல்ஃப் நிரப்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டை பக்கத்தில் வந்து மணந்து பார்த்தாள். "யாரோ பேக்கன் பொரிச்சிருக்கினம்" என்றாள்.

"நான்தான்" என்றேன். "என்ர அப்பா கஃபேயில சமையல்காரர். அண்டைக்குக் குடையோட வந்து நிண்டவர், அவர்தான்."

அவளுக்கு அப்பா இறந்தது தெரியும், அந்த ஆள்தான் அப்பா என்று தெரியாது. முகம் சிவந்துபோனது. ஏதோ சொல்ல வந்தாள். பரவாயில்லை என்றேன். உண்மையாகவே பரவாயில்லாமல் இருந்தது. நான் அடுத்த பெட்டியை உடைத்தேன். பீன்ஸ் டின். லேபிள் முன்னுக்குத் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கினேன்.